இஞ்சி மருந்து கேட்டாயே, சவரி

அன்புள்ள சவரி,

தாளின் தலையில் சேசு மரி சூசை என்று எழுதாமல் உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. இன்றைக்கு எழுதவில்லை. மூன்று பெயரையும் எழுதி எழுதி அடித்து இரண்டு தாளைக் கெடுத்துவிட்டேன். நீ கல்கத்தாவிலிருந்து போட்ட கடிதம் திங்கட்கிழமை மத்தியானம் வந்தது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, நின்றபடியே பிரித்தேன். சின்னவனுக்குப் பல் முளைத்தது, உனக்குக் கப்பல் டாக்கில் மேஸ்திரி வேலை கொடுத்தது, எல்லாம் படித்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். அப்புறம் கடைசிப் பக்கத்தில் அந்த நாலு வரி. "அம்மா, முன்னெல்லாம் எவ்ளோ குட்ச்சாலும் காலைல எழுந்து வேலைக்குப் பூடுவேன். இப்ப வயசு முப்பத்தாறு ஆவுது இல்ல, ரெண்டு கிளாஸ் போட்டாலே மறுநாள் நெஞ்சுக்குழி எரியுது, முதுவு வரிக்கும் இஸ்துக்கினு வலிக்குது. நைனாவுக்கு நீ குடுப்பியே இஞ்சி மருந்து, அதுல ரெண்டு பாட்டில் எதிர்வூட்டு மருமகன் வரும்போது குட்த்தனுப்பு." அதற்குக் கீழே ரீட்டா தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தாள். "அத்தை, மறக்காமல் அனுப்புங்கள், நானே வேளைக்கு வேளை ஊற்றிக் கொடுக்கிறேன்." உலை பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் நின்றேன், சவரி. யாரோ என் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

மருந்து அனுப்பமாட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் மூன்று வருஷமாக உன்னிடம் நான் மறைத்ததைச் சொல்ல வேண்டும். உன் நைனா செத்தபோது தந்தி கிடைத்து, இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து, நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கல்லறையில் பூ வாடியிருந்தது. "எப்டிம்மா?" என்று கேட்டாய். வயிற்றுப்புண் வெடித்துவிட்டது என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அதில் பாதிதான் சொன்னேன். மீதியைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, உன் முகத்தைப் பார்த்தால் இருந்த கொஞ்சமும் போய்விட்டது.

உன் நைனா குடிப்பார் என்பது உனக்குத் தெரியும். ராயபுரத்தில் குடிக்காத விஞ்ச் டிரைவரைக் காட்டு, நான் மாலை போடுகிறேன். துறைமுகத்தில் வாரம் முழுக்கச் சரக்குத் தூக்கும் அந்த இரும்புச் சனியனோடு மல்லுக்கட்டிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் தோஸ்துகளோடு எண்ணூர்ப் பக்கம் போய்ப் பனங்கள் குடித்துவிட்டு வருவார். அடிக்கமாட்டார், சண்டை போடமாட்டார், பாடுவார். அந்தப் பாட்டுக்கு அடியே தேவலாம் என்று நான் திட்டுவேன். மறுநாள் முதல் பூசைக்கு என்னையே முந்திக்கொண்டு கோயிலில் நிற்பார். அந்த வயிறு அப்போது இரும்பு வயிறு. அதுதான் எங்கள் எல்லோரையும் ஏமாற்றியது. இருபது வருஷம் தாங்கிய வயிறு இன்னும் இருபது வருஷம் தாங்கும் என்று நாங்களாகவே கணக்குப் போட்டுக்கொண்டோம், அதனிடம் யாரும் கேட்கவில்லை.

அவருக்கு நாற்பத்து நாலோ ஐந்தோ ஆனபோது தொடங்கியது. குடித்த மறுநாள் சோற்றுத் தட்டைத் தள்ளுவார். "இன்னாமே, சோறு வாணாம். வவுத்துல கொள்ளிய வெச்ச மாறி கீது." என்னய்யா ஆச்சு என்று கேட்டால், "நேத்து கள்ளு கலீஜு. இன்னாத்தையோ கலந்துக்கிறான் பேமானி" என்பார். அடுத்த வாரம் கள்ளை விட்டு மீனைப் பழிசொன்னார். அதற்கடுத்த வாரம் என் குழம்பில் காரம் அதிகம் என்றார். நானும் மடச்சி, மிளகாயைக் குறைத்தேன், புளியைக் குறைத்தேன், பருப்பை நிறுத்தினேன். நீகூட ஒரு நாள், "இன்னாம்மா, வூட்ல ஆஸ்பத்திரி சோறு ஆக்குற?" என்று தட்டைப் பார்த்துக் கேலி செய்தாய். வயதாகிறது, அந்த வயிற்றுக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. முடி நரைத்தால் கண்ணாடியில் தெரிகிறது, வயிறு நரைத்தால் எதில் தெரியும்?

பிறகு மதுவிலக்குச் சட்டம் வந்தது. கள்ளுக்கடைகளை மூடினார்கள். நான் மெழுகுவர்த்தி ஏற்றினேன், சவரி, நிஜமாகவே ஏற்றினேன். இனி என் புருஷன் பிழைத்தான் என்று நினைத்தேன். அவர் என்னடாவென்றால் யாரோ கள்ளத்தனமாகக் காய்ச்சுகிற சாராயத்தைத் தேடிப் போனார். கள் போன இடத்தில் அது வந்தது, வலி இரட்டிப்பானது. ஒரு நாள் வலியில் சுருண்டு கிடந்தவரைப் பார்க்கச் சகிக்காமல் நானே டோல்கேட் பக்கம் ஒரு மருந்துக் கடைக்கு ஓடினேன். அங்கே இருந்த கம்பவுண்டர் நான் சொன்னதைப் பாதிதான் கேட்டார். "வாயும்மா. இது இஞ்சிச் சாறு போட்ட மருந்து. வெந்நீர்ல ஒரு ஸ்பூன் ஊத்திக் குடு, கேட்கும்" என்று கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். மேலே இங்கிலீஷில் எழுதியிருந்தது. கான்வென்டில் ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அது என்ன தெரியும். இஞ்சி வாசனை வந்தது. இஞ்சி வயிற்றுக்கு நல்லதுதானே.

கேட்டது. பத்து நிமிஷத்தில் கேட்டது. முகம் தெளிந்து எழுந்து உட்கார்ந்தார், மெல்லப் பாடக்கூடச் செய்தார். எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! அன்றிலிருந்து ஏழு வருஷம் அந்தப் பாட்டில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், சின்ன அலமாரியில் இருந்தது. சாவி என் முந்தானையில். அவர் கையால் எடுக்கவிடமாட்டேன், அளவு தவறிவிடும் என்று பயம். கோடு போட்ட அவுன்ஸ் கிளாஸில் நானே அளந்து, வெந்நீர் கலந்து, சிலுவை போட்டுக் கையில் கொடுப்பேன். ஒரு ஸ்பூன் இரண்டானது. இரண்டு ஒரு அவுன்ஸானது. பழகிவிட்ட உடம்புக்கு மருந்து கூடத்தான் வேண்டும் என்று நானே நினைத்துக்கொண்டேன். அதே டோல்கேட் பக்கம் கண்டதைக் குடித்துவிட்டுச் சாக்கடை ஓரம் விழுந்து கிடப்பவர்களைப் பார்த்து, "கட்டையில போறவனுங்க, இன்னாத்த குட்ச்சானுங்களோ" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்பேன். இடுப்புக் கூடையில் என் பாட்டில் இருக்கும்.

உன் கல்யாணத்துக்கு மறுநாளை நினைத்துப் பார். கப்பலிலிருந்து யாரோ ஒளித்துக் கொண்டுவந்ததை நீயும் உன் கூட்டாளிகளும் கொல்லைப்புறத்தில் குடித்தீர்கள், நான் பார்க்காத மாதிரி இருந்தேன். காலையில் வயிறு வலிக்கிறது என்று வந்து நின்றாய். புது மாப்பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கலாமா என்று அதே கிளாஸில் அளந்து உனக்கும் கொடுத்தேன். "ஷோக்கா கீதும்மா, அப்டியே எறங்கிச்சு" என்றாய். ரீட்டா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத்தான் நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன், மருமகளுக்கு மாமியார் கொடுத்த முதல் பாடம் அது.

இன்னொன்றும் உண்டு. துறைமுகத்து டிஸ்பென்சரியில் ஒரு முறை அவரைக் காட்டினோம். டாக்டர், "குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டார். உன் நைனா வாயைத் திறப்பதற்குள் அவர் காலை மிதித்துவிட்டு, "இல்ல சார், தொடமாட்டாரு" என்றேன். அந்த வாரம்தான் நம் தெருவில் ஒருவரைக் குடித்ததற்காகப் போலீஸ் இழுத்துக்கொண்டு போயிருந்தது. டாக்டரிடம் சொன்னால் போலீசிடம் சொன்ன மாதிரி, வேலை போய்விடும், மானம் போய்விடும் என்று பயம். டாக்டர் ஏதோ வெள்ளைப் பொடி கொடுத்தார். அதில் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தாயா, இஞ்சி மருந்தின் முன்னால் டாக்டர் மருந்து நிற்குமா என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன்.

இவ்வளவு நடந்தும் எனக்கு ஏன் சந்தேகம் வரவில்லை என்று நீ கேட்பாய். தவக்காலம்தான் காரணம். கல்யாணமான வருஷத்திலிருந்து விபூதிப் புதன் அன்று கோயிலில் முழங்காலிட்டு, ஈஸ்டர் வரைக்கும் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்வார், நாற்பது நாளும் காப்பாற்றுவார். தோஸ்துகள் கூப்பிட்டாலும் போகமாட்டார். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். ஆனால் கடைசி வருஷங்களில் அந்த நாற்பது நாளில்தான் வலி அதிகமாக இருந்தது. அதை வைத்து நான் என்ன முடிவு செய்தேன் தெரியுமா? குடிக்காத நாளிலும் வலிக்கிறதே, அப்படியென்றால் குடிக்கும் வலிக்கும் சம்பந்தம் இல்லை. ஒருசந்தி நோன்பு இருந்து காலி வயிற்றில் வாயு ஏறுகிறது. ஆகவே தவக்காலத்தில் மருந்தைக் கூட்டினேன். ஒரு வேளை மூன்று வேளையானது. வெறும் வயிற்றில், சவரி. ஒரு பருக்கை உள்ளே போகாத வயிற்றில்.

அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை. மத்தியான வெயிலில் சிலுவைப் பாதை நடந்துகொண்டிருந்தது. ஏழாம் தலத்திலோ எட்டிலோ, எல்லோரும் முழங்காலிட்டு எழுந்தோம், உன் நைனா எழவில்லை. குனிந்து வாந்தி எடுத்தார். காப்பித் தூள் மாதிரி கறுப்பாக வந்தது, பிறகு ரத்தம் ரத்தமாகவே வந்தது. ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் வீட்டுக்கு ஓடிப் போய் முதலில் எதை எடுத்தேன் தெரியுமா, அந்தப் பாட்டிலைத்தான். சாயங்கால வேளை மருந்து தவறக் கூடாதே.

உன்னைவிடச் சின்ன வயது டாக்டர். குனிந்து பார்த்துவிட்டு, "இவர் குடிப்பாராம்மா?" என்றார். எனக்கு வந்ததே கோபம். "இன்னா சார் கேக்குற? நாப்பது நாளா ஒரு சொட்டு தொட்டது கெடியாது. கோயில்ல சத்தியம் பண்ணிக்கிறாரு. பெரிய வெள்ளிக்கெயமையும் அதுவுமா இப்டியா கேப்ப?" என்று கத்தினேன். அவர் பொறுமையாக, "வாயில வாடை வருதேம்மா" என்றார். "அது மருந்து வாடை. இந்தா, நீயே மோந்து பாரு" என்று கூடையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து நீட்டினேன்.

அவர் பாட்டில் மேல் எழுதியிருந்ததைப் படித்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். ஒரு பீங்கான் தட்டில் கொஞ்சம் ஊற்றி, பையிலிருந்து நெருப்புப் பெட்டியை எடுத்து ஒரு குச்சியைக் கிழித்துக் காட்டினார். குப்பென்று பிடித்துக்கொண்டது. நீல நிறமாக, சத்தமே இல்லாமல், தட்டு முழுவதும் எரிந்தது. "இது இஞ்சி ஊறவெச்ச ஸ்பிரிட்டு. சாராயத்தைவிட இதுல வேகம் அதிகம்மா. சொட்டுக் கணக்குல குடுக்க வேண்டியது. எவ்வளவு குடுத்தீங்க?" என்று கேட்டார். கையை விரித்து மூன்று விரலைக் காட்டினேன். மூன்று சொட்டா என்றார். மூன்று வேளை, ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கிளாஸ் என்று கோயிலிலிருந்து கூட வந்த அக்கம்பக்கத்துக்காரர்கள்தான் சொன்னார்கள். "இருபது வயசுல தாங்குற வயிறு அம்பதுல தாங்காதும்மா. வலின்னு அது சொல்லிட்டேதான் இருந்திருக்கு" என்றார் டாக்டர். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அந்தப் பிள்ளை திட்டவில்லை.

மறுநாள் உன் நைனாவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. பகல் வேளை, பக்கத்துக் கட்டில்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் குனிந்து, "அது இன்னான்னு உனக்குத் தெரியுமாய்யா?" என்று கேட்டேன். தெரியாது என்று சொல்லிவிடு சாமி என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே கேட்டேன். அவர் கூரையைப் பார்த்தார். "ரெண்டாவது பாட்டில்லயே தெரிஞ்சி பூட்ச்சிமே. நாக்குக்குத் தெரியாதா?"

"அப்ப தவக்காலத்துல? சத்தியம் பண்ணிட்டு?"

"நான் ஊத்திக்கினாதான் குடி, நீ ஊத்திக் குட்த்தா மருந்துன்னு மனசுக்கு சொல்லிக்கினேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார், "நீ அத்த அளந்து ஊத்தறப்ப உன் மூஞ்சில ஒரு சந்தோசம் இருக்கும்மே. அத்த பாத்துக்கினு எப்டி சொல்றது?"

எனக்கு அழுகை வரவில்லை, சவரி. இன்றைக்கு வரைக்கும் அதற்காக ஒரு சொட்டு அழ முடியவில்லை. கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். என்னோடு ஒரே பாயில் படுத்து எழுந்த மனுஷன், ஏழு வருஷமாக என் கையில் இருப்பது என்னவென்று தெரிந்து, கிளாஸை வாங்கி, என் எதிரிலேயே சிலுவை போட்டுக் குடித்திருக்கிறார். அவர் மேல் வந்த ஆத்திரம் பாதி, என் மேல் வந்தது பாதி. எது எப்போது வருகிறது என்று இப்போதும் எனக்குத் தெரிவதில்லை. ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை போய்விட்டார். வீட்டுக்கு வந்து மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டினேன். உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் எங்கே என்னை அம்மா என்று கூப்பிடாமல் போவாயோ என்று பயந்தேன். அந்தப் பயத்தின் பலன், இப்போது நீயே அதைக் கேட்டு எழுதியிருக்கிறாய்.

குடிக்காதே என்று சொன்னால் நீ சிரிப்பாய். நைனாவிடம் இருபது வருஷம் சொல்லாததை என்னிடம் வந்து சொல்கிறாயா என்பாய். சிரித்துக்கொள். ஆனால் உனக்கு முப்பத்தாறிலேயே ஆரம்பித்துவிட்டது, அவருக்கு நாற்பத்தைந்து. நீ எழுதிய நாலு வரியும் அவர் சொன்ன அதே வார்த்தை, ஒரு எழுத்து மாறவில்லை. மீன் மேல் பழி போடாதே, ரீட்டாவின் குழம்பு மேல் போடாதே, கல்கத்தாத் தண்ணீர் மேல் போடாதே. நல்ல டாக்டராகப் பார்த்துப் போ. என்ன குடிக்கிறாய், எவ்வளவு, எத்தனை வருஷமாக என்று ஒன்றையும் மறைக்காமல் சொல். அங்கே கடையைத் திறந்து வைத்தே விற்கிறார்கள் என்று நீதானே எழுதினாய். எனக்கு இருந்த போலீஸ் பயம் உனக்கு இல்லை, வெட்கம் மட்டும்தான். வெளிக்குத் தார் மாதிரி கறுப்பாகப் போனால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதே. சொல்லக் கூசுகிறது, ஆனாலும் உன்னைக் கழுவி வளர்த்தவள் சொல்கிறேன். எந்தப் பாட்டிலில் எந்த மருந்து வந்தாலும் அதில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் வாயில் வைக்காதே. குடித்துவிட்டு வலிக்கிறது என்றால் அந்த வலியை அமுக்க வழி தேடாதே, அது உன் நல்லதுக்குத்தான் கத்துகிறது.

எதிர்வீட்டு மருமகன் வியாழக்கிழமை மெயிலில் கிளம்புகிறார். நீ கேட்ட இரண்டு பாட்டிலுக்குப் பதிலாக இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமை உன் கைக்கு வரும். நீ இதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அம்மா ஏதோ வயசான காலத்துல பொலம்புது" என்று ரீட்டாவிடம் சொல்வாய். எனக்குத் தெரியும். நீ உன் நைனாவின் பிள்ளை, அவரோ என் முகத்தைப் பார்த்து ஏழு வருஷம் ஒன்றும் சொல்லாமல் இருந்தவர். அதனால் இதுவரை எழுதியதை இன்னொரு முறை, ஒரு வரி விடாமல், ரீட்டா பெயருக்கு எழுதிச் செவ்வாய்க்கிழமையே தபாலில் போட்டுவிட்டேன். உன்னுடையதற்கு ஒரு நாள் முன்னால் அவளுக்குக் கிடைத்திருக்கும். ஒரு நாள் முழுக்க உன்னிடம் ஒன்றும் பேசாமல் இருந்திருப்பாள். இப்போது நீ படித்து முடிக்கட்டும் என்று எதிரில் நின்றுகொண்டிருப்பாள்.

தலையை நிமிர்த்து, ராசா. அவள் முகத்தைப் பார்த்து, உனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லு.

உன் அம்மா